நடுவுல நிக்கிற ஆள்

சாயங்காலம் ஆறு, ஆறரை இருக்கும். பனி இறங்கிக்கிட்டிருந்த நேரம். தண்ணித் தொட்டிக்குப் பின்னால போற ரோடு அது... தொட்டியைத் தாண்டிட்டா வீடு கிடையாது, கடை கிடையாது. ரோடு போய் முட்டுற இடத்துல ஒரு மைதானம், அவ்வளவுதான். அந்த ரோட்டுல ஒத்தையா நடந்து போனார், எங்க ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரனோட சித்தப்பா.

கதவைச் சாத்திட்டுக் கிட்ட வந்து உக்காருங்க. இது அவன் வாயால நான் கேட்டது. அவனுக்குக் கதை கட்டத் தெரியாது. லீவுக்குக் கூட உருப்படியா ஒரு பொய் சொல்ல வராது.

சித்தப்பா பஸ் டிப்போவுல வெல்டர். ஆனா எல்லாரும் அவரைக் கூப்பிடுறது கொக்கின்னு. ரக்பி ஆடினவர். அந்த ஆட்டத்துல ரெண்டு டீமும் குனிஞ்சு, தோளோட தோள் கோத்து, தலைக்குத் தலை முட்டித் தள்ளுவாங்க. நடுவுல பந்தை உருட்டி விடுவாங்க. முன் வரிசையில நடு ஆள் அதைக் காலால கொக்கி போட்டுப் பின்னால இழுக்கணும். அவனோட ஒரு கை இந்தப் பக்கத்து ஆள் மேல, இன்னொரு கை அந்தப் பக்கத்து ஆள் மேல. விழுந்தா மூணு பேரும் சேர்ந்துதான் விழணும்.

சித்தப்பாவுக்கு இடது பக்கம் ரொட்டிக்கடைக்காரர். வலது பக்கம் பஸ் டிரைவர். வயசுக்காலம் பூரா அந்த ரெண்டு பேர்தான்.

கிளப்பை ஆரம்பிச்சதே இவங்கதான். ஷிப்ட் முடிஞ்சு வந்து, கல்லையும் முள்ளையும் பொறுக்கி மைதானம் ஆக்குனாங்க. டிரஸ் மாத்துற ரூமுக்குத் தாங்களே செங்கல் அடுக்குனாங்க. அந்தச் சுவர் இன்னைக்கும் கோணலாத்தான் நிக்குது. விளக்குக் கம்பம் சித்தப்பா வெல்டிங் வச்சது. ஆரம்பத்துல ஒரு ஆட்டம் ஜெயிக்கல. எதிர் டீம்காரன் பாவம் பார்த்து ஒரு தடவை பந்தைக் கையிலயே குடுத்தானாம்... அதையும் கீழ போட்டாங்களாம். அப்புறம் கை தேறுச்சு. பெரிய பெரிய டீமையெல்லாம் மண்ணைக் கவ்வ வச்சாங்க.

அப்புறம் என்ன... எங்கேயும் நடக்கிறதுதான். வேலை தேடிப் போனவங்க போனாங்க. முட்டி தேஞ்சவங்க உக்காந்துட்டாங்க. பசங்களுக்கு வேற வேற ஆட்டம். ரொட்டிக்கடைக்காரர் நெஞ்சு வலியில போயிட்டார். அடுத்த மழைக்குள்ள டிரைவரும்... கடைசியில மைதானத்துச் சாவி சித்தப்பா கையில தங்கிப்போச்சு.

வீட்டுலயும் ஆள் இல்ல. சித்தி போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒரே மக, வேற ஊர்ல நர்ஸ். "வந்துடுங்கப்பா"ன்னு போனுக்குப் போன் கெஞ்சுவா. சனிக்கிழமை மைதானத்தைத் திறக்கணுமே, யார் திறப்பாங்கம்பார். யாருக்காகத் திறக்கிறீங்கன்னு அவ கேட்டதில்ல.

திறப்பார். விளக்கைப் போடுவார். பெஞ்சுல உக்காந்து காலிப் புல்லைப் பார்த்துக்கிட்டே இருப்பார். அப்புறம் அணைச்சிட்டு வந்துடுவார்.

அன்னைக்கும் அப்படித்தான் உக்காந்திருந்தார். பனியில எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பம் தெரியல. அப்போ அந்த டிரஸ் மாத்துற ரூம் பக்கமிருந்து...

டக்... டக்... டக்.

சிமெண்டுத் தரையில ஆணி பூட்ஸ் நடக்கிற சத்தம். நாலஞ்சு ஜோடியாவது இருக்கும். சிமெண்டு முடிஞ்சு புல்லு ஆரம்பிக்கிற இடத்துல சத்தம் அடங்கிப்போச்சு. பின்னாடியே வாசனை. வலித் தைலம், ஈர மண்ணு, வேர்வை.

சித்தப்பா பயப்படலையாம். அதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். எழுந்து, கோட்டைத் தாண்டி, நடு மைதானத்துக்குப் போனார். பனிக்குள்ள யாரோ 'குனி'ன்னாங்க. குனிஞ்சார். கை ரெண்டையும் விரிச்சார்.

ரெண்டு கைக்கும் அடியில தோள் வந்து நின்னுச்சு.

முதுகுக்குக் குறுக்கே கை வந்து சட்டையை முறுக்கிப் பிடிச்சுது. ரொட்டிக்கடைக்காரர் எப்பவும் விலா நோகத்தான் பிடிப்பார்... அதே பிடி, அதே இடம். பின்னாலிருந்து பாரம் வந்து அமுங்குச்சு. சித்தி போனதுக்கப்புறம் அவரை ஒரு மனுஷக் கை தொட்டதில்ல. குனிஞ்ச வாக்குலயே அழுதாராம். கண்ணீர் நேரா புல்லுல சொட்டுச்சு.

எவ்வளவு நேரமோ தெரியாது. இடுப்பு கடுத்துது. போதும்னு நிமிரப் பார்த்தார். முடியல.

"விடுங்கடா"ன்னார்.

பிடி இறுகுச்சு. அப்போதான் உறைச்சுது... ரெண்டு பக்கமும் காதோட காது ஒட்டியிருக்கு, இத்தனை பேர் தள்றாங்க, ஒருத்தருக்கும் மூச்சு வாங்கல. அவர் மூச்சு மட்டும்தான் கேக்குது. கால் மெல்ல மண்ணுக்குள்ள இறங்குது. கணுக்கால் வரைக்கும்... ஜில்லுன்னு.

சட்டைப் பையில போன் அடிச்சுது. மக. எடுக்கக் கை வரல. அடிச்சு ஓஞ்சுது. மறுபடி அடிச்சுது. கத்திப் பிரயோஜனம் இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. பக்கத்துக் காதுல ரகசியம் மாதிரி சொன்னார்:

"டேய்... என் பொண்ணு கூப்பிடுறா. அவளுக்கு நான் ஒருத்தன்தான்டா."

வலது பக்கத்துக் கை தளர்ந்துச்சு. இடது கை... கொஞ்சம் யோசிச்சுது. அப்புறம் அதுவும் விட்டுது. முகம் குப்புற விழுந்தார்.

திரும்ப அடிச்சப்போ எடுத்தார். ஏன்ப்பா இப்படி மூச்சு வாங்குதுன்னு அவ பதறினா. "நான் கிளம்பி வர்றேம்மா"ன்னார். நம்மாளு, அதான் என் பக்கத்து சீட்டுக்காரன், அவன்கிட்ட மட்டும் நடந்ததைச் சொல்லி, சாவியைக் குடுத்துட்டு அன்னைக்கே பஸ் ஏறிட்டார். மறுநாள் பூட்டப் போனது நம்மாளுதான். நடு மைதானத்துல புல்லு பத்தை பத்தையாப் பேந்து கிடந்துச்சாம். பத்திருபது பேர் உழுத மாதிரி.

சித்தப்பா இப்போ நல்லா இருக்கார். மக கையால சாப்பாடு, பேரனோட விளையாட்டு. முன்னைக்கு இப்போ முகத்துல தெளிவு. மக அவருக்குன்னு பெரிய கட்டில் வாங்கிப் போட்டிருக்கா.

போன வாரம் அவ நம்மாளுக்குப் போன் பண்ணினாளாம். இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு தயங்கித் தயங்கி...

"அண்ணா, காலையில நான்தான் படுக்கையைத் தட்டிப் போடுறேன். அப்பா கட்டிலுக்கு நட்ட நடுவுலதான் படுக்கிறார். மெத்தையில அவர் படுத்த குழி இருக்கும்... அதுக்கு ரெண்டு பக்கமும் இன்னும் ரெண்டு குழி இருக்குண்ணா."