மாப்பிள்ளைக்குப் பயம் தெளிந்த விதம்

அந்த ஏணியை வாங்க வைத்ததே நான்தான் ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மேஸ்திரியாக வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் குழாய் பதிக்கிற பள்ளத்தில் இறங்குவதும் ஏறுவதும் குரங்கு மாதிரிதான். பக்கவாட்டு மண்ணில் கடப்பாரையால் கால் வைக்கக் குழி பறித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பொக்லைன் வாளியில் குத்தவைத்து உட்கார்ந்து, கிணற்றுக் குடம் மாதிரி தொங்கிக்கொண்டு மேலே வருவார்கள். நான்தான் ஆபீஸில் போய் நின்று, அவர்கள் முகம் சுளிக்கச் சுளிக்கக் கேட்டு, அலுமினிய ஏணிகளை வாங்க வைத்தேன். ஆள் உயரத்துக்கு ஆழம் வந்துவிட்டால் ஏணி இல்லாமல் ஒருத்தனும் இறங்கக் கூடாது. ஏணியின் தலை விளிம்புக்கு மேலே இடுப்பளவாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏறி வருகிறவனுக்குக் கடைசி எட்டில் பிடிமானம் வேண்டுமல்லவா. அடிக்கால் பலகைமேல் நிற்க வேண்டும். தலைப்பக்கம் கயிறு கட்டியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வேலை செய்கிறவன் எங்கே நின்றாலும் சட்டென்று போய்த் தொடுகிற தூரத்தில் ஏணி இருக்க வேண்டும். மண் சரிய ஆரம்பித்தால் அது யாரிடமும் அவகாசம் கேட்காது.

என் பள்ளத்தில் ஒருத்தனுக்கும் சுண்டுவிரல்கூட நசுங்கியதில்லை. நெட்டையைக் கேளுங்கள், சொல்வான். குழாய் பதிக்கிறவர்களில் மூத்தவன் அவன்தான். என்னைப் பிடிக்காது, ஆனால் பொய் சொல்ல மாட்டான்.

எனக்குத் தங்கை ஒருத்தி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவளுக்குத் தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோன்றவில்லை. சமைத்து வைத்துவிட்டு வாசல் கதவைத் திறந்து வைத்து எனக்காக ஒருத்தி காத்திருந்தாள். அதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

மாப்பிள்ளை எங்கள் வேலைக்கு வந்தவர்தான். மேலே நின்று குழாய் அறுத்து, ரப்பர் வளையம் பொருத்தி, சங்கிலி மாட்டிக் கொடுப்பார். நல்ல கைவேலை. ஒருநாள் நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க வீட்டுக்கு அனுப்பினேன். அனுப்பியது நான்தான். அதற்கப்புறம் நான் மறக்காமல் எடுத்து வைத்த நாளிலும் பாத்திரம் எப்படியோ வீட்டிலேயே தங்கிவிடும்; எடுத்து வர அவர்தான் போவார்.

நான் குறுக்கே நிற்கவில்லை ஐயா. முன்னால் நின்று கல்யாணத்தை நடத்தினேன். பின்கட்டில் அவர்களுக்கு ஓர் அறை தடுத்துக் கொடுத்தேன். பலகைத் தடுப்பு. அவர்கள் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்காது.

மாப்பிள்ளைக்கு ஒரு குறை உண்டு. பழைய இடம் ஒன்றில் வேலை செய்தபோது கரை சரிந்து கழுத்துவரை புதைந்திருக்கிறார். பக்கத்தில் நின்றவன் பிழைக்கவில்லை. அதிலிருந்து தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்துவிடுவார். என் தங்கை அவர் முதுகைத் தட்டிக்கொடுப்பாள். குழந்தையைத் தட்டுவது மாதிரி, மெதுவாக, வெகுநேரம். அந்தச் சத்தம் தடுப்பைத் தாண்டி வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வளர்ந்த ஆம்பளைக்கு இதென்ன கூத்து என்று எனக்கு இருந்தது. அவளுக்கும் சிரமம்தானே. அவள் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதிலேயே என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

"அண்ணா, அவர மட்டும் பள்ளத்துல இறக்கிடாத. மேல என்ன வேலைன்னாலும் குடு."

"நான் இருக்கறப்ப என்னம்மா கவல" என்றேன்.

கொஞ்ச காலம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பிறகு உள்ளே இறங்கிக் குழாய் மூட்டு பொருத்துகிற ஆள் ஒருத்தன் முதுகுவலி என்று நின்றுவிட்டான். வேறு ஆள் கிடைக்காமலில்லை. ஆனால் எனக்கு அப்போதுதான் ஒரு எண்ணம் வந்தது. தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவனைத் தண்ணீருக்குள்தானே இறக்க வேண்டும்? முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்? தட்டிக்கொடுத்துத் தட்டிக்கொடுத்து அவள் அவரைக் கெடுத்து வைத்திருந்தாள். நான் வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்ல வேண்டாம் என்றும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். பெண்டாட்டியின் அண்ணன் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை அவர்.

"ஏணி பக்கத்துல இருந்தா போதும் மச்சான்" என்றார்.

இருந்தது. முதல் வாரம் அவர் முழங்கையை நீட்டினால் இடிக்கிற தூரத்தில் இருந்தது. வளையத்துக்கு மசகு தடவுவார், ஏணியைத் தொட்டுப் பார்ப்பார். மட்டம் பார்ப்பார், ஏணியைத் தொட்டுப் பார்ப்பார். கோயில் தூணைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி. நான்தான் அவருக்கு 'ஏணி மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன். பள்ளம் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. "ஏணி மாப்பிள்ளைக்குத் வெளக்கு ஏத்துங்கப்பா, உள்ள இருட்டா இருக்காம்" என்று மேலேயிருந்து குரல் கொடுப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்கும்போதும் ஒரு கை படியில்தான் இருக்கும்.

பிறகு ஏணியைத் தள்ளிப் போட ஆரம்பித்தேன். ஒரேயடியாக இல்லை ஐயா, நான் முரடன் இல்லை. இன்று ஓர் எட்டு, இரண்டு நாள் கழித்து இன்னோர் எட்டு. அவர் குனிந்திருக்கும்போது செய்வேன். நிமிர்ந்து கையை நீட்டுவார். கை காற்றைப் பிடிக்கும். அப்போது அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்கி வெளுப்பதைப் பார்க்கலாம், துணியிலிருந்து தண்ணீர் வடிகிற மாதிரி, மேலேயிருந்து கீழே. நான் விளிம்பில் நின்று கவனமாகப் பார்ப்பேன். வைத்தியம் பார்க்கிறவன் முகத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? சில நாள் காலையில் அதை நினைத்துக்கொண்டே சீக்கிரம் எழுந்துவிடுவேன். வேலையில் அக்கறை உள்ளவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

அடுத்தபடியாக ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். வேறு இடத்தில் தேவை என்பேன். மற்றவர்கள் உள்ளே இருக்கும்போது ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அவர் மட்டும் தனியாக இருக்கும்போதுதான். கத்த மாட்டார். வேலையை நிறுத்திவிட்டு முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பார், கண்ணை மூடிக்கொண்டு. விரல்கள் பின்னால் மண்ணைப் பிறாண்டும். நான் ஏணியை இறக்கியதும் ஏறி வந்து தண்ணீர் குடிப்பார்.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது என் தங்கை அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நகமெல்லாம் ஏன் இப்படிப் பிஞ்சு கெடக்கு?"

"குழாய் உருட்டறப்ப பட்டுது" என்றார்.

என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதைகூட வந்தது.

நெட்டை ஒருதரம் என்னிடம் வந்தான். "மேஸ்திரி, ஊருக்கெல்லாம் ஏணிச் சட்டம் பேசறீங்க. சொந்த மாப்பிள்ளைய மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க? நாய்க்குட்டியக்கூட யாரும் இப்படி வெளாட்டுக் காட்ட மாட்டாங்க."

"குடும்ப விஷயம் நெட்டை" என்றேன். அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் சாயங்காலம் நான் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருகிறேன், இருவரும் சேர்ந்து நின்றிருந்தார்கள். அவள்தான் பேசினாள்.

"அண்ணா, அவருக்கு இரும்புக் கடையில வேல கெடச்சிருக்கு. கடைக்குப் பின்னாலயே வீடும் தர்றாங்களாம். நாளன்னைக்குப் போகலாம்னு இருக்கோம்."

"நல்லதும்மா" என்றேன்.

"உனக்குக் கோவமில்லையே?"

"எனக்கென்ன கோவம்? புள்ளைங்க தனியா நிக்கணும்னுதான பெரியவங்க ஆசப்படுவாங்க."

அவள் அழுதுகொண்டே என் தோளில் சாய்ந்தாள். அவள் தலைக்கு மேலே மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது, ஆனால் பழைய பயம் இல்லை. கரையேறிவிட்டவன் ஆற்றைத் திரும்பிப் பார்க்கிற பார்வை. எனக்கு அதுதான் உறுத்தியது. வைத்தியம் பாதியில் நிற்கிறது, நோயாளி எழுந்து போகிறார். மிச்சம் ஒரே ஒரு நாள். பாதி வைத்தியம் ஆளைக் கெடுக்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

மறுநாள் விடிகிற வரைக்கும் மழை. தெருவுக்கு நடுவே இரண்டு வரிசை வீடுகளுக்கிடையில் போகிற பள்ளம் அது. முன்பகுதிக்கெல்லாம் பலகை வைத்து முட்டுக் கொடுத்தாகிவிட்டது. கடைசித் துண்டுக்கு இன்னும் கொடுக்கவில்லை. அள்ளிப் போட்ட மண் அந்தப் பக்கம்தான் ஓரத்திலேயே குன்றாகக் கிடந்தது, மழையில் ஊறி. நெட்டை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஓரத்துல வெடிப்பு விட்டிருக்கு மேஸ்திரி. என் கை உள்ள போவுது. இன்னைக்கு யாரும் எறங்க வேணாம்."

நானும் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. வெடிப்பு விளிம்புக்கு இணையாக, கத்தியால் கீறிய மாதிரி நீளமாகப் போயிருந்தது. உள்ளே சின்னக் கற்கள் தானாக உதிர்ந்து கொண்டிருந்தன. எத்தனையோ பள்ளம் பார்த்தவன் நான். அது எந்தப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே விழும் என்றும் தெரியும். "எல்லாரும் முன்பக்கம் போய்ப் பலகை எறக்குங்க" என்று அனுப்பிவிட்டேன். ஆட்கள் விஷயத்தில் நான் அசிரத்தையாக இருந்ததே கிடையாது. பொக்லைன் டிரைவரையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். வண்டியின் அதிர்வு ஆகாது.

மாப்பிள்ளையை மட்டும் நிறுத்திக்கொண்டேன். "அந்தக் கடைசி மூட்டு ஒண்ணு பாக்கி இருக்கு. முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா மனசு திருப்தியா அனுப்பி வைப்பேன்."

அவர் வெடிப்பைப் பார்க்கவில்லை. நான் அதன்மேல் நீளத்துக்குச் சாக்குகளை விரித்து நின்றுகொண்டிருந்தேன். அவர் ஏணியைத்தான் பார்த்தார். கட்டியிருக்கிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். மூட்டில் குனிந்ததும் நான் கயிற்றை அவிழ்த்து ஏணியை மேலே எடுத்து, எதிர்க்கரைக்குப் போய் நின்றுகொண்டேன். அது உறுதியான கரை.

முதல் சரிவு சின்னதுதான். முழங்காலுக்கு வந்தது. அவர் கையாலேயே மண்ணைப் பறித்துக் காலை உருவிக்கொண்டு, நான் நின்ற பக்கத்துச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டார். அதற்கு அப்புறம் நேரம் இருந்தது ஐயா. பீடி பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுக்கிற நேரம் இருந்தது. நான் ஏணியை இறக்கியிருந்தால் அவர் இன்றைக்கு இரும்புக் கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டிருப்பார்.

"மச்சான், ஏணி."

"பயமா இருக்கா மாப்பிள்ள?"

"ஆமா மச்சான். எறக்குங்க. மண்ணு அசையுது."

"பயமில்லன்னு ஒரு தரம் சொல்லுங்க. எறக்கிடறேன்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஏணி என் கையில் இருப்பதையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. நல்லவர்களுக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"பயமில்ல" என்றார். குரல் உடைந்தது.

"இன்னும் கொஞ்சம் தெளிவா."

எதிர்ப்பக்கம் மண் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்து முதுகை எடுத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நேராக நின்றார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி, நடுக்கமே இல்லாத குரலில் சொன்னார்.

"பயமில்ல மச்சான். அவகிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தனை நாள் பாடுபட்டதற்குக் கண்ணெதிரே பலன். பயமில்லாதவனுக்கு ஏணி எதற்கு என்று தோன்றியது. அப்படித் தோன்றிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கரை முழுசாக வந்தது.

தூசி அடங்கியதும் ஏணியை உள்ளே போட்டேன். அவசரத்தில் செய்தது. அடியில் புதைந்திருக்க வேண்டிய ஏணி, பொட்டுச் சேறு இல்லாமல் மண்ணுக்கு மேலே எப்படிக் கிடந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். சரியான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

என் தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். இரண்டு நாளாக அங்கேயேதானாம். அவளை ஒரு நிமிஷம் உள்ளே கூப்பிடுங்கள் ஐயா. அவள் புருஷன் கொஞ்சம்கூடப் பயமில்லாமல் போனார் என்று என் வாயால் சொல்ல வேண்டும். அவளால் ஆகாததை நான் செய்து காட்டியிருக்கிறேன். கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.