மீலி திறக்காத நிலவறை

— என்னைத் தூக்கிப் போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போ தம்பி. இந்த நிலவறைக் கதவு மேலேருந்து நானா எந்திரிக்க மாட்டேன்.

— மீலியம்மா, அவர் தம்பி இல்லீங்க, லெப்டினன்ட்! கையில உத்தரவு இருக்கு. பண்ணைக்குப் பத்து மூட்டை உருளைக்கிழங்கு, பட்டாளத்துக்கு.

— அது விதைக்கிழங்கு, ஹின்ரெக். ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து ஊர்ச் செயலாளருக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுதாக்கும்?

— எனக்குத் தெரியாதுங்களா? உத்தரவுல வெறும் கிழங்குன்னுதாங்க போட்டிருக்கு.

— இருங்க செயலாளரே, நான் பேசறேன். அம்மா, வோரு ரோட்டுல என் ஆளுங்க எண்பது பேரு. மூணு நாளா ஓட்ஸ் கஞ்சி. இன்னிக்குக் காலையில அதுவும் தீந்துபோச்சு. வெறும் வயித்தோட ரஷ்யச் செம்படையை எப்படித் தடுத்து நிறுத்தறது?

— பசி எனக்கும் தெரியும். ரெண்டு வாரத்துல மண்ணு இளகிடும். அப்ப எதை நடறது? வர்ற குளிருக்கு உன் எண்பது பேரும் எதைத் தின்பாங்க? உன் கையில இருக்கிற உத்தரவையா?

— அதுவரைக்கும் நாடு இருந்தாத்தானே அம்மா?

— இருக்கும்னு நம்பித்தான் விதை வெச்சிருக்கேன். துப்பாக்கி புடிச்சிருக்கிற நீ நம்பலையா?

— மீலியம்மா, வாயைக் கொஞ்சம் அடக்குங்க. ஜெயிலுல போட்டுடுவாங்க.

— போடட்டும். அந்தக் காலத்துல இந்த நிலத்தையெல்லாம் வெச்சிருந்த ஜெர்மன் பிரபு கேட்டப்ப விதை தரமாட்டேன்னுதான் என் பாட்டன் லாயத்துல சாட்டையடி பட்டாரு. இப்ப எஸ்தோனியக் குடியரசாம்! பொறந்து ஒரு வருஷம், இன்னும் பல்லே முளைக்கல, அதுக்குள்ள விதையைக் கடிக்க வந்துட்டீங்க.

— நாளைக்கே செம்படை உள்ள வந்து அள்ளிக்கிட்டா?

— ஒரு கிழங்கு கிடைக்காது. மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திடுவேன். தொழுவத்துல மாசிக் நிக்கறா பாரு, எங்க பசு. அவளை ஓட்டிக்கிட்டுப் போ. ரெண்டு நாளைக்குக் கறி ஆகும்.

— ஒரே மாடுங்க ஐயா அது! புருஷன் ஜார் பட்டாளத்துக்குப் போனவரு, திரும்பவே இல்ல. அந்தப் பாலுலதான் இவங்க பொழப்பே...

— நீ சும்மா இரு ஹின்ரெக். பாலில்லாம நான் பொழைச்சுக்குவேன். விதையில்லாம ஊரு பொழைக்காது.

— மாட்டை வாங்கிக்கறேன் அம்மா. செயலாளரே, இந்தப் பண்ணையில விதை எடுக்கலைன்னு எழுதுங்க.

— மேல கேப்பாங்களே ஐயா? உத்தரவாச்சே!

— எடுக்க மறுத்தது லெப்டினன்ட் சாரென்னு என் பேரைப் போட்டே எழுதுங்க. கையெழுத்து நான் போடறேன்.

— அப்ப நான் எந்திரிக்கலாமா தம்பி? முட்டி ரெண்டும் விறைச்சுப்போச்சு.

— எந்திரிங்க. கதவைத் திறங்க.

— என்னடா, ஏமாத்தப் பாக்கறியா?

— இல்லம்மா. மத்த மூணு பண்ணையில பயந்துபோய்க் குடுத்துட்டாங்க. முப்பது மூட்டை விதை, வாசல்ல வண்டியில நிக்குது. நடற வரைக்கும் அதையும் உள்ள போட்டுப் பூட்டி, மேல நீங்களே உக்காந்துக்கங்க.