பாசி புடிச்ச வூடு

இதே வூடுதான், சரியாத்தான் வந்திருக்கற. ராஜேஷ்குமார் சார் அனுப்பினாருன்னா வேற எங்க வரப்போற. டெம்போ அங்கயே நிக்கட்டும், எதிர்வூட்டுக்காரன் கத்துவான், கத்தினா நான் பாத்துக்கறேன். உள்ள வா தம்பி. அக்கான்னே கூப்புடு, அதுல என்னா தப்பு. பேரு என்னா, ராமப்பனா? ஆனேக்கல்லா? அங்கேர்ந்து அத்திப்பள்ளி டிராபிக்ல மாட்டிக்கினு, ஒரு கண்ணாடித் தொட்டிக்காவ வந்தியா. சரி சரி, பொழப்பு அப்பிடி.

ஆமா, இதான் மீனுத் தொட்டி. கிட்டக்க வந்து பாரு. தொடாத, பாரு மட்டும். எங்கயாவது பச்சையா ஒரு பொட்டு தெரியுதா? தெரியாது. மூக்க வெச்சித் தேடினாலும் தெரியாது. உங்க சார் வூட்டு மேடம் நல்லா இருக்காங்களா? டிவி பக்கத்துல எடம் ஒதுக்கி வெச்சிட்டாங்களா? ம்ம். ஒதுக்கட்டும். நீ மொதல்ல டீயக் குடி. ஒயரு கியரு எதுலயும் கைய வைக்காத, அத அப்பறம் பேசிக்கலாம்.

உங்க சாரு இத சிவாஜி நகர்லேர்ந்து வாங்கியாந்தாரு. மேனேஜர் வூட்ல பாத்தாராம், அதே மாதிரி நமக்கும் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. கடல் மீனு! ஓசூருக்கும் கடலுக்கும் என்னா சம்பந்தம், சொல்லு. உப்புப் பாக்கெட்டு என்னா, கடல்லேர்ந்து வந்த கல்லு என்னா, மோட்டாரு என்னா, ஏக அமர்க்களம். எல்லாத்தையும் மாட்டிட்டு ஷிப்டுக்குக் கெளம்பறப்ப அவங்கம்மாகிட்ட சொன்னாரு, இது உப்புத்தண்ணி மீனு, தண்ணி கொறஞ்சா உப்புத்தண்ணி ஊத்துன்னு. உள்ள இருக்கறாங்களே, பார்வதியம்மா, அவங்கதான். டெம்போ சத்தம் கேட்டதும் சமையக்கட்டுக்குள்ள போயி கதவச் சாத்திக்கினாங்க. நீ ஒண்ணும் நெனச்சிக்காத.

இப்ப நீயே சொல்லு. நம்ம பக்கம் உப்புத்தண்ணின்னா என்னா? போர்வெல் தண்ணி. குடிக்கறது நல்ல தண்ணி, அது கொழாயில எப்பவோ வரும். துணி தொவைக்க, பாத்திரம் கழுவ உப்புத்தண்ணி. உங்க ஊர்லயும் அப்பிடித்தான? ஆங், பாத்தியா, நீயே சொல்லிட்ட. பார்வதியம்மாவும் அதத்தான் செஞ்சாங்க. காலைல எழுந்ததும் மொத வேலையா போர் கொழாயில கொடத்தப் புடிச்சி தொட்டில ஊத்துவாங்க. மவன் ஆசையா வாங்கின மீனாச்சேன்னு கொஞ்சம் தாராளமாவே ஊத்துவாங்க.

அப்பறம் என்னா, பாசிதான். மொதல்ல கல்லு மேல லேசாத்தான் வந்தது. அப்பறம் தல முடி மாதிரி நீட்டு நீட்டா. கண்ணாடி பூரா மூடி, மீனு உசுரோட இருக்குதா இல்லயான்னே தெரியல. நான் பழைய டூத் பிரஷ்ஷ வெச்சித் தேய்ப்பேன், தேய்ச்ச கை ஈரம் காயறதுக்குள்ள திரும்ப வந்துடும். உங்க சாருக்கு வந்தது பாரு கோவம். அந்த மனுசனுக்குக் கோவம் வந்தா வூட்ல இருக்கற பொம்பளைங்க மேலதான் வரும். கழுவத் தெரியல, கையி சுத்தமில்ல, ஒரு தொட்டிய வெச்சிக்கத் துப்பில்லன்னு தெருவே கேக்கறாப்பல கத்துவாரு.

பஸ் ஸ்டாண்டுகிட்ட கலர் மீனு விக்கிற நூருல்லா பாய் கடையில போயி கேட்டேன். என்னா தண்ணிம்மா ஊத்தறீங்கன்னாரு. உப்புத்தண்ணிதான் பாய்னேன். சரியாத்தான் ஊத்தறீங்கன்னாரு. சிரிக்காத, அவரு சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. திரும்பத் திரும்ப போயி கேட்டேன், திரும்பத் திரும்ப அதே பேச்சுதான். நடுவுல பாசி மட்டும் ஜோரா வளந்துகினு இருந்தது.

பாசி புடிச்ச வூட்ல மனுசன் இருப்பானான்னு ஒருநா கேட்டாரு உங்க சாரு. கேட்டுட்டு, பெங்களூர்ல வேலன்னு பொட்டியக் கட்டிக்கினு போயிட்டாரு.

அவரு போனதும் பாக்கறவங்கல்லாம் இதக் கொட்டுன்னாங்க. கொட்டிட்டு தொட்டில துளசி வெச்சிக்கோன்னு எதிர்வூட்டுக்காரி புத்தி சொல்றா. எனக்கு வந்தது பாரு ஆத்திரம். ஏன் கொட்டணும்? மீனு என்னா பண்ணிச்சி? நான் என்னா பண்ணேன்? ஒருத்தரு வேணாம்னு வுட்டுட்டுப் போயிட்டா அது குப்பையா? மாட்டேன்னுட்டேன்.

நூருல்லா பாய கையோட வூட்டுக்கே இட்டாந்தேன். வந்தவரு வாசப்படியில அப்பிடியே நின்னுட்டாரு. பார்வதியம்மா கொடத்த சாச்சி ஊத்திக்கினு இருக்காங்க. அய்யோ, இது போர் தண்ணிம்மான்னு தலையில கைய வெச்சிக்கினாரு. அப்பறம்தான் வெவரம் சொன்னாரு. தொட்டியில தண்ணிதான் ஆவியாப் போவுது, போட்ட உப்பு எங்கயும் போவாது, அதனால கொறைக்கு ஊத்தறது நல்ல தண்ணியாத்தான் இருக்கணும். நம்ம போர்ல என்னென்னமோ கலந்து கெடக்குது, பாசிக்கு அது விருந்துச் சோறுன்னாரு. நானும் அவரும் வுழுந்து வுழுந்து சிரிச்சோம். பார்வதியம்மா சிரிக்கல. கொடத்தக் கீழ வெச்சிட்டு, அவன்தான சொன்னான்னு ஒரே வார்த்த கேட்டாங்க. ஆமா, அவன்தான் சொன்னான்.

அன்னிக்கே தண்ணிய மாத்தினேன். அப்பவே நான் கம்பெனி வேலைக்குப் போவ ஆரம்பிச்சிட்டேன், வர்ற வழியில வாட்டர் கடையில கேன் தண்ணி தூக்கியாருவேன். மீனுக்குக் கேன் தண்ணியான்னு தெருவே சிரிச்சது. சிரிச்சிட்டுப் போவட்டும். உப்பையும் அந்தத் தண்ணியிலதான் கலக்கணும், கொஞ்சம் கொஞ்சமா பழசை எடுத்துட்டு புதுசு வுடணும். கல்ல ஒவ்வொண்ணா வெளிய எடுத்து சொரண்டினேன். தீனியக் கொறச்சேன், லைட்டக் கொறச்சேன். பாய் தந்த நத்தைங்கள வுட்டேன், அதுங்க ஒரு பக்கம் மேயும், நான் ஒரு பக்கம் தேய்ப்பேன். கரண்டு போயி மோட்டார் நின்னா பார்வதியம்மாவும் நானும் மாத்தி மாத்தி சொம்பால மோந்து ஊத்திக்கினே கெடப்போம், தண்ணி அலம்பினாதான் மீனுக்கு மூச்சு. பாசி ஒரே நாள்ல போவல. போற மாதிரி போயி திரும்ப வந்தது. நானும் வுடல.

இந்தக் கல்லு ஓரத்துல பாரு, ஆரஞ்சு கலர்ல புள்ளி புள்ளியா. முட்ட. போட்டுட்டு பொட்ட மீனு அது பாட்டுக்குச் சுத்தும். ஆம்பள மீனுதான் வாலால விசிறிக்கினே காவல் நிக்கும், அந்தாண்ட இந்தாண்ட நவராது. அதப் பாக்கறப்பல்லாம் எனக்கு சிரிப்புதான் வரும். இந்த முட்ட சேதிதான் யாரு மூலமாவோ உங்க சாரு காதுக்குப் போயிருக்கணும். பாசி இருந்த வரைக்கும் எங்களுது, முட்ட வெச்சதும் அவருதா?

இரு, எந்திரிக்காத. ஓஸு பைப்புல கைய வைக்காதன்னேன்ல. சார் சொன்னாரா? என்னா சொல்லி அனுப்பினாரு உன்ன? அவரு வாயால சொன்னத அப்பிடியே சொல்லு.

அக்கா வூட்ல இருக்குது, போயி எடுத்துக்கினு வான்னா?

அக்கா வூடுன்னா சொன்னாரு?

ஓகோ. அதனாலதான் வந்ததுலேர்ந்து அக்கா அக்கான்னு கூப்புடறியா. நான் மரியாதைக்குக் கூப்புடறன்னு நெனச்சேன். மேடமும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருக்காங்களா? பாவம், அவங்களுக்கும் இதே தண்ணிதான் ஊத்தியிருக்காரு.

தம்பி, அவருக்கு அக்கா கெடையாது. ஒத்தப் புள்ள. உள்ள இருக்கறவங்க அவரப் பெத்தவங்க, எனக்கு மாமியாரு. காலண்டர் பக்கத்துல மாட்டியிருக்குதே, அது எங்க கல்யாண போட்டோ. மால போட்டுக்கினு நிக்கிறது யாருன்னு நல்லாப் பாரு.

நீ ஏன் தலையக் குனியற, உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. தொட்டி வராது, அவ்ளோதான். போன் போட்டுச் சொல்லணுமா, போட்டுச் சொல்லு, நானே வேணாலும் பேசறேன். ஆனா இவ்ளோ தூரம் வந்தவன வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். ஜன்னல்ல இருக்குதே அந்த ஊறுகா பாட்டிலு, அத எடு. கடைசியா சொரண்டின பாசி. எதுக்கு எடுத்து வெச்சேன்னு எனக்கே வெளங்காம இருந்தது, இப்ப வெளங்கிடிச்சி. அவரு இந்த வூட்ல வுட்டுட்டுப் போனது அதான். மூடி டைட்டாத்தான் இருக்குது, சிந்தாது. மேடம் கையிலயே குடு. யாரு குடுத்தாங்கன்னு கேட்டா அக்கான்னு சொல்லாத. பொற்கொடின்னு பேரச் சொல்லு.