கை தானாப் போவுது

— திமிருங்க டாக்டரம்மா. வேறென்னத்தச் சொல்றது? தன் தலைமுடியத் தானே ஒவ்வொண்ணாப் புடுங்கிப் போடற பொம்பளைய நீங்க எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா?

— நிறையப் பாத்திருக்கேன் செல்லியம்மா. நீங்க உக்காந்திருக்கற அதே நாற்காலியில உக்காந்து அழுதிருக்காங்க. உங்க பொண்ணும் கூட வந்திருக்கலாமே?

— வெக்கப்பட்டுட்டு வரமாட்டீங்கறாளுங்க. மனநல ஆஸ்பத்திரின்னா சேலம் பூராத் தெரிஞ்சு போயிருமாமா.

— சரி, நீங்களே சொல்லுங்க. எப்ப ஆரம்பிச்சுது?

— வயசுக்கு வந்த வருசத்துலீங்க. மொதல்ல புழுவெட்டுன்னுதான் நெனச்சது. சின்ன வெங்காயத்த அரைச்சுத் தேச்சாச்சு. தம்மம்பட்டியில மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு. அப்பறம் ஒருநாள் தலகாணிக்கடியில பாத்தா கொத்துக் கொத்தா முடிங்க.

— அடிச்சீங்களா?

— அடி உழுகாம இருக்குமுங்களா? வேண்டுதல்னு ஊருக்குள்ள சொல்லிப்போட்டு மொட்டையுங்கூட அடிச்சுது. முடி மொளச்சுது, பின்னாடியே கையும் மேல போயிருச்சு.

— எந்த நேரத்துல அதிகமா இருக்கும்?

— டிவி பாக்கையில. பாலு காயறப்ப அடுப்புக்கிட்ட நிக்கையில. ஊட்டுல சண்டை வந்துச்சுன்னா ரொம்பவே. கை தானாப் போவுங்க. தடவித் தடவிப் பாத்தா மொரமொரன்னு ஒரு முடி தட்டுப்படும். அத எடுத்தாத்தான் நெஞ்சு அடங்கும். கொஞ்ச நேரம் நிம்மதி. அப்பறம் கீழ கெடக்கறதக் கூட்டி அள்ளறப்ப, சீ, இதும் ஒரு பொழப்பான்னு இருக்கும்... இருக்குமாமுங்க. அவ சொல்லுவா.

— வெளிய போறது வர்றது?

— சவுரி வெச்சு, மேல பூ வெச்சு மறைக்கறது. ஒருக்கா வெண்ணந்தூர்ல பங்காளி ஊட்டுக் கல்யாணமுங்க. பந்தியில குனிஞ்சு ரசம் ஊத்தறப்ப சவுரி அவுந்து எலையில உழுந்துபோச்சு. சாப்புட்டுட்டிருந்தவரு எந்திரிச்சே போயிட்டாரு. அதுக்கப்பறம் ஒரு விசேசம் கெடையாது, ஒரு நோம்பி கெடையாதுங்க.

— தண்ணி குடிங்க. இது திமிரும் இல்ல, செய்வினையும் இல்லீங்க. நோவு. நிறுத்துன்னு அதட்டினா நிக்காது, இன்னும் ஒளிஞ்சு இழுப்பாங்க.

— அப்பறம் எப்படிங்க நிக்கும்?

— கை எப்ப தலைக்குப் போகுதுன்னு மொதல்ல அவங்களே கண்டுபிடிக்கப் பழகணும். பாதிப் பேருக்கு அதுவே தெரியாது. தெரிஞ்ச உடனே கையை இறுக்கி மூடி மடியில வெச்சுக்கணும், அந்த வேகம் தணியற வரைக்கும். டிவி பாக்கறப்ப தலையில துண்டு கட்டிக்கலாம், கைக்குப் பூக்கட்டற வேலை குடுக்கலாம். மனசுல கெடக்கற பாரத்தையும் இங்க வந்து பேசணும். தேவைப்பட்டா மாத்திரை தருவேன்.

— சுத்தமா நின்னுருமுங்களா?

— குறையும். நின்னுட்டு மறுபடி வரவும் வரலாம். வந்தா தோத்துட்டதா அர்த்தமில்ல, திரும்பவும் ஆரம்பிக்கணும்.

— முடி?

— பொய் சொல்ல மாட்டேன். நிறைய இடத்துல முளைக்கும். ரொம்ப வருஷமா இழுத்த இடத்துல முளைக்காமலும் போகலாம்.

— போனாப் போவுதுங்க. மனுசங்க முன்னால தலை நிமிந்து நின்னாப் போதும்.

— அப்ப அடுத்த வாரம் பொண்ணை எப்படியாவது கூட்டிட்டு வாங்க. வைத்தியம் அவங்களுக்குத்தானே?

— அவ வெளியதான் உக்காந்திருக்காளுங்க. அவ முடி இடுப்புக்குக் கீழ கெடக்குது டாக்டரம்மா. நேத்து நான் தலை தொவட்டயில கதவத் தொறந்து பாத்துப்போட்டு, ஒண்ணுமே கேக்காம என்னைய இங்க கூட்டியாந்ததே அவதான்.