அழ வைத்த சிரிப்பு நடிகர்

யுத்த காலத்தில் ஒருநாள், கலசப்பாக்கத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரி பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜவ்வாது மலைக்காரர். மற்றவர் அடிவாரத்துக் கிராமத்தவர், கழுத்தில் சிலுவை போட்டிருந்தார்.

"என் பொண்டாட்டிய அழ வெச்ச அந்த சினிமாக்காரன பார்த்தா கால்ல வுழுவேன்," என்றார் மலைக்காரர்.

"இன்னாண்ணே சொல்றீங்க? அவரு சிரிப்பு நடிகராச்சே."

"அதுக்குத்தான் அவள அவன் படத்துக்கு இட்டுனு போனேன். பர்மா சண்டையில எங்க புள்ள செத்த சேதி வந்து எட்டு மாசமாச்சு. அவ ஒரு சொட்டு கண்ணீர் வுடல, யார்கிட்டயும் பேசல. சிரிச்சாவது வாய தொறப்பான்னு நெனச்சேன்."

"அது புஸ்தகத்துல வந்த கதைண்ணே. அதுல அவருக்கு அப்பன் வேசம்."

"எனக்கின்னா தெரியும்? அவன் மூஞ்சிய பார்த்ததும் டென்ட்டு கொட்டாயே சிரிச்சுது. அப்புறம், ஆத்துல முழுகி செத்த புள்ளைக்கு எலைய போட்டு, சோத்த வெச்சு, பக்கத்துல குந்திகினு விசிறினான். அழவே இல்ல. டென்ட்ல ஒருத்தரும் மூச்சு வுடல. இவதான் நம்ம புள்ள பேர சொல்லி கத்தினா. வழியெல்லாம் அழுதா. வூட்டுக்கு வந்து, 'நீ சாப்டியா'ன்னு கேட்டா."

பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அடிவாரத்துக்காரர் கேட்டார்.

"இப்ப தனியா எங்கண்ணே போறீங்க?"

"போளூர்ல அந்தப் படம்தான் ஓடுதாம்."

"மறுபடியுமா? அதான் அண்ணி அழுதுட்டாங்களே."

"அவ அழுதுட்டா. நான் இன்னும் அழலியேப்பா."