பெங்களூரில் வேலை இல்லாதவர்

கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "எனக்கு பெங்களூர்ல ஒரு வேலையும் இல்லம்மா" என்றார்.

"இன்னாங்கய்யா, தெனமும் வர்றீங்களே!"

"வீட்டுக்காரி போய்ச் சேந்து ஒரு வருசம் ஆச்சு. காலைல எழுந்திரிக்கவே மனசு வரல. டீ கூடப் போடாம சாயந்திரம் வரைக்கும் படுத்தே கெடப்பேன். ரயிலைப் புடிக்கணும்னா மட்டும், ஷிஃப்டுக்குப் போறாப்ல எழுந்துடறேன். போய் எறங்கி, அடுத்த வண்டில திரும்பிடுவேன்."

"பசங்க இல்லையா?"

"ஒரே பையன். வழியில, கே.ஆர்.புரத்துலதான் இருக்கான்."

"அங்க எறங்கலாமே?"

"திடீர்னு போய் நின்னா, இன்னா ஆச்சுப்பான்னு பதறுவான். ஒண்ணும் ஆகலையே, இன்னான்னு சொல்றது?"

கே.ஆர்.புரத்தில் வண்டி நின்றபோது பெரியவரின் போன் அடித்தது. "பையன்தான்" என்று அவளிடம் சொல்லிவிட்டு எடுத்தார்.

"சொல்லுப்பா... சாப்ட்டேன்... வீட்லதான் இருக்கேன்."

கதவருகே கூட்டம் முண்டியடித்து இறங்கிக்கொண்டிருந்தது.

"சத்தமா? டிவிப்பா" என்றவர், போனைக் கையால் பொத்திக்கொண்டார். வண்டி கிளம்பும்வரை ஜன்னல் பக்கம் அவர் திரும்பவே இல்லை.