பதினோரு நிமிட நிரூபணம்

எனக்கு வாக்குவாதம் பிடிக்காது ஐயா. அதனால்தான் செய்தே காட்டினேன்.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். ஒரு சர்வருக்கு இன்னொன்றின் பெயர் மட்டும்தான் தெரியும். முகவரியைப் பொது டிஎன்எஸ் சர்வரிடம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். கேட்ட பதிலை அதது தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும், பொது சர்வர் படுத்தாலும் வேலை ஓடும் என்று இரண்டு வருடமாகத் தொண்டை வறளச் சொன்னேன். என் மேலதிகாரி பிடி கொடுக்கவில்லை. அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“ஆளாளுக்குப் பழைய பதிலைக் கட்டிக்கிட்டு அழுதா, முகவரி மாறுற அன்னைக்கு எல்லாம் தப்பான இடத்துல போய் நிக்கும்பா. அதுவும் இல்லாம, பொது சர்வர் என்னைக்குப் படுத்துச்சு, சொல்லு பாப்போம்?”

நியாயமான கேள்வி. அது ஒருநாளும் படுத்ததில்லை. அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. என் பொறுப்பில் இருந்த விடுப்பு விண்ணப்ப சர்வரில் என் ஏற்பாட்டை முன்பே சத்தமில்லாமல் செய்து வைத்திருந்தேன். பிறகு பொது சர்வரை நிறுத்தினேன். விடுப்பு விண்ணப்பங்கள் ஒரு நொடிகூடத் தடைபடவில்லை. அக்காவின் அழைப்பு சர்வரோ, வண்டிகளுக்குத் தகவல் அனுப்பும் சர்வரைக் கண்டுபிடிக்க முடியாமல் விழித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

நான்காவது நிமிடம் அக்காவின் கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து மகள்.

“அப்பாவுக்கு நெஞ்சு வலியா? வண்டிக்குச் சொல்லி எவ்வளவு நேரமாச்சு? அழாதடி, இதோ அனுப்பறேன்.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, என்னன்னு பாரேன், உன் காலைப் பிடிக்கிறேன்.”

“இதுக்குத்தான்க்கா அன்னைக்கே சொன்னேன்” என்றேன்.

ஒரு கட்டளை தட்டினால் போதும். ஆனால் பத்து நிமிடத்துக்குக் குறைந்த தடங்கலை எங்கள் ஆய்வுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதில்லை. அந்த விதியை நான் போடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் கூட்டி வைத்தது மட்டும் என் முடிவு.

வண்டி போய்ச் சேர்ந்தபோது அவருடைய கணவர் உயிரோடு இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் என் யோசனை ஏகமனதாக நிறைவேறியது. முதலில் கை தூக்கியவர் அக்காதான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும் தம்பி. நான்தான் அவரைக் கொன்னுட்டேன்.”

நான் அவரை மன்னித்துவிட்டேன் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.